முன்வரிசை சிரிக்கும் வரை

மேடையில் ஒற்றை ஆளாக நின்று ஒரு மணி நேரம் பேசியே சிரிக்க வைக்கும் மனிதர் ஒருவர் அப்போது பினாங்கில் இருந்தார். பாட்டு இல்லை, வேஷம் இல்லை, பக்கத்தில் துணைக்கு ஆளும் இல்லை. எழுபதுகளின் கடைசியில் சங்க விருந்தா, கல்யாண விருந்தா, அவர் இல்லாமல் நடக்காது. ஒருமுறை கோயில் கமிட்டியைப் பற்றி வாயைவிட்டார். மைக்கைப் பிடுங்கிக்கொண்டு மேடையைவிட்டு இறக்கிவிட்டார்கள். சிங்கப்பூருக்குப் போய்விட்டார் என்றார்கள் சிலர், ஜொகூரில் லாரி ஓட்டுகிறார் என்றார்கள் சிலர். எண்பதுகளின் நடுவில் ஒருநாள் என் கடை வாசலில் வந்து நின்று, தானே மண்டபம் எடுத்திருப்பதாகவும் நான்தான் ஒலிபெருக்கி கட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ரேடியோ பழுது பார்க்கும் கடை இருந்தது. வார நாட்களில் ரேடியோ, வார இறுதியில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று ஒலிபெருக்கி வேலை. அவர் என்னிடம் இரண்டு மைக் கேட்டார். ஒன்று அவருக்கு, இன்னொன்று ஜனங்களுக்கு நடுவே உத்தரத்திலிருந்து தொங்க வேண்டும். பேச்சைக் கேசட் போட்டு விற்கப்போகிறாராம். சிரிப்புச் சத்தம் இல்லாத கேசட்டை யார் வாங்குவார்கள் என்றார். அதுவும் நியாயம்தான்.

ஊர் முழுக்க ஒரே பேச்சு. பட்டது போதும் என்று பெட்டிப் பாம்பாகத்தான் வந்திருப்பார் என்றார்கள். எனக்கு மட்டும் விஷயம் தெரியும். யாழ்ப்பாணத்து வழி வந்தவர்களும் இந்தியாவிலிருந்து வந்தவர்களும் பெண் கொடுத்து எடுக்காத கதையைத்தான் இந்த முறை எடுக்கப்போகிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார். அது என் கதையும்கூட. காரணம் ஒரு பெண்.

அப்பாவின் பழைய ரேடியோவைத் தூக்கிக்கொண்டு முதலில் கடைக்கு வந்தவள், பிறகு பழுதே இல்லாத ரேடியோவையும் கொண்டுவர ஆரம்பித்தாள். அவள் அப்பா அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்து வழி வந்தவர், கோயில் கமிட்டியிலும் ஒருவர். என் தாத்தாவோ தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ரயில் பாதை போட வந்த கூலி. அவள் என் கடை முக்காலியில் உட்கார்ந்து சிரிப்பாள். சமையலறையில் எவர்சில்வர் தட்டு விழுந்து, சுழன்று சுழன்று அடங்குமே, அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சத்தத்துக்காகவே நான் நாள் முழுக்க சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நிகழ்ச்சிக்கு அப்பாவும் வருகிறார் என்று அவள் சொன்னபோது நான் ஒரு பந்தயம் கட்டினேன். அந்தப் பேச்சுக்கு உன் அப்பா சிரித்துவிட்டால் மறுநாளே வீட்டுக்கு வந்து பெண் கேட்கிறேன் என்றேன். சிரிக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். நான் பழுதே இல்லாத அவள் ரேடியோவைக் கழற்ற ஆரம்பித்தேன்.

எங்கள் மண்டபங்களில் ஒரு வழக்கம் உண்டு, வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. நிகழ்ச்சி தொடங்கும் முன் முன்வரிசைக்காரர்களுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். நடுவில் கோயில் கமிட்டித் தலைவர், இரு பக்கமும் மற்ற கமிட்டிக்காரர்கள். அதன் பிறகு சிரிப்பு முன்னாலிருந்துதான் பின்னால் போகும். தலைவரின் தோள் குலுங்கினால் கமிட்டி சிரிக்கும், கமிட்டி சிரித்தால் மண்டபம் சிரிக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அன்றைக்கு அவள் அப்பா தலைவருக்கு அடுத்த நாற்காலியில், தங்க நிறப் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். அவள் நாலைந்து வரிசை தள்ளி, பெண்கள் பக்கம். நான் கடைசியில், மேசைமேல் கருவிகளோடு.

பேச்சுக்காரர் முதலில் மார்க்கெட் கதை, மாமியார் கதை என்று சும்மா உருட்டினார். தலைவர் தோள் குலுங்கியது, மண்டபம் சிரித்தது. பிறகு மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேடை விளிம்புக்கு வந்தார்.

"தேர் இழுக்கறப்ப வடத்துல எல்லார் கையும் இருக்கு. உங்க தாத்தா எந்தக் கப்பல்ல வந்தாருன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. பொண்ணு கேட்டுப் போனா மட்டும் கப்பல் டிக்கெட்ட எடுத்துக் காட்டுன்றாங்க லா. அண்ணே, உங்க தாத்தா கோட்டுப் போட்டு ஸ்டேஷன்ல மணி அடிச்சாரு, சரி. எங்க தாத்தா தண்டவாளம் போட்டாரு. ரெண்டுல ஒண்ணு இல்லன்னா ரயிலு எங்க போயிருக்கும்?"

பின் வரிசைகளில் கிளம்பிய சிரிப்பு பாதியிலேயே நின்றது. எல்லோரும் தலைவரின் முதுகைப் பார்த்தார்கள். தலைவர் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதியில் அவள் சிரித்தாள். தட்டு விழுந்தது, சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. நான் மட்டும் அவள் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொன்னாடை ஒரு நூல்கூட அசையவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் அவள் வாசலில் நின்று என் பக்கம் பார்த்தாள். நான் வயர் சுற்றுகிறவனைப் போலக் குனிந்துகொண்டேன். அடுத்த வாரமே படகேறி எதிர்க்கரையிலிருக்கும் பட்டர்வொர்த் போய், மாக் மண்டின், ஜுரு என்று திருவிழா வேலைகளை இழுத்துப்போட்டுக்கொண்டேன். திரும்பி வந்தபோது, அவள் ஒருநாள் வந்து பூட்டிய கடை முன்னால் நின்றதாகப் பக்கத்து நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை அண்ணே சொன்னார்.

"நீ அக்கரைக்குப் போயிட்டேன்னேன். சரின்னு சிரிச்சிட்டுப் போயிடுச்சு தம்பி."

ஆறுதல் சொல்ல வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஆறுதலைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை. அவள் பிறகு வரவில்லை, நானும் போகவில்லை. சில மாதத்தில் லண்டனில் இருக்கும் அண்ணனிடம் போய்விட்டாள் என்றும், அங்கேயே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றும் கோயிலில் பேசிக்கொண்டார்கள். தெருவில் எங்கேயாவது தட்டு விழும் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன். அவ்வளவு ஏக்கம் இருந்தது எனக்கு.

இதற்கிடையில் கேசட் சக்கைப்போடு போட்டது. ஆனால் அதில் அவள் சிரிப்பு இல்லை. ஒற்றைச் சிரிப்பு கேசட்டில் நன்றாக இராது என்று பேச்சுக்காரர் அதை வெட்டிவிட்டு, மாமியார் கதைக்கு வந்த சிரிப்பை எடுத்து அந்த இடத்தில் ஒட்டச் சொன்னார். நான்தான் ஒட்டினேன். ரப்பர் தோட்டத்திலும் பஸ்ஸிலும் அந்தக் கேசட்டைக் கேட்டவர்கள், பினாங்கு மண்டபமே அன்று அதிர்ந்தது என்று நம்பினார்கள். வெட்டாத மூல நாடா என்னிடமே தங்கிவிட்டது.

மறு வருஷம் அவர் இரண்டாவது நிகழ்ச்சி போட்டார். அதே கப்பல், அதே தண்டவாளம், இன்னும் காரமாக. இந்த முறை தலைவர்தான் முதல் ஆளாகச் சிரித்தார். சிரிக்காவிட்டால் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று ஊர் நினைத்துவிடும் அல்லவா? மண்டபம் உருண்டது. அவள் அப்பாவும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ஒரு வருஷம் முந்தி இதில் கால்வாசி சிரித்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

மறுநாள் காலையில் கடைக்குள் ஆள் நுழையும் நிழல் தெரிந்து நிமிர்ந்தால், அவள் அப்பா. குடையை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு, அவள் உட்காரும் அதே முக்காலியில் உட்கார்ந்தார். கடையில் விற்கிற கேசட்டில் மகளின் சிரிப்பைக் காணவில்லை, முழுசாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நான் மூல நாடாவை எடுத்து மாட்டினேன்.

கப்பல் வந்தது, தண்டவாளம் வந்தது. மின்விசிறிச் சத்தம். பிறகு அவள். அந்தச் சின்னக் கடை முழுவதும் அவள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, சுழன்ற தட்டு அடங்கும் வரை அசையாமல் இருந்தார்.

"அண்டைக்கு எனக்கும் சிரிப்பு வந்தது தம்பி," என்றார். "தலைவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கேக்கை, பொன்னாடையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில இருக்கிறவன் எப்பிடிச் சிரிக்கிறது? பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தன். வீட்டுக் கதவைச் சாத்தினதுதான், நானும் பிள்ளையும் வயிறு நோகச் சிரிச்சம்."

நாடா அடுத்த பேச்சுக்குப் போய்க்கொண்டிருந்தது, அதை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. பூட்டிய கடை முன்னால் அவள் எதைச் சொல்ல வந்து நின்றாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"எல்லாத்தையும் பிள்ளை எனக்குச் சொல்லியிருந்தவள்," என்றார் அவர். "நீர் வருவீர் எண்டு நாங்கள் ரெண்டு பேரும் கன நாள் பார்த்துக்கொண்டிருந்தனாங்கள்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அவர் நாடாவைக் காட்டி, இன்னொரு தரம் போடச் சொன்னார். நான் திருப்பிச் சுற்றிப் போட்டேன். தண்டவாளம் வந்ததும், இந்த முறை, அவள் சிரிப்பதற்கு முன்னாலேயே அவர் சிரித்துவிட்டார்.