பட்டம் கட்டிய கை

மூன்று மணிச் செய்தியில் திரையின் வலது மூலையில் ஒரு சிறு கட்டம் தெரியும். அதற்குள் நின்று கைகளால் செய்தி சொன்ன பெண்ணை எல்லோரும் 'சைகை அக்கா' என்றார்கள். பதினான்கு வருடங்களாக அதே கட்டம். கறுப்புச் சட்டை, வெறுங்கை, பின்னால் பச்சைச் சுவர். இயர்போனில் வாசிப்பவரின் குரல் வந்து விழும். விழுந்ததும் விரல்கள் தாமாக எழும். வெள்ளமும் விலைவாசியும் விளையாட்டும் அவர் வழியாகவே போயின. ஆனால் எதுவும் அவரிடம் தங்கவில்லை. வெளியே வந்ததும் இன்று என்ன செய்தி என்று யாராவது கேட்டால் திருதிருவென்று விழிப்பார். கனவிலிருந்து பாதி எழுந்தவர் போல பஸ்ஸுக்கு நிற்பார்.

அவருடைய அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் அவரும் அண்ணனும் வாய் பேசுவதற்கு முன்பே கை பேசினார்கள். கையாலேயே கேட்டு, கையாலேயே சண்டை போட்டு வளர்ந்தவர்கள். அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அம்மா அவரோடுதான் இருந்தார். ஆளுங்கட்சிக்குள் பழைய முறைகளைக் காப்பதற்கென்று தனியாகக் கூடிய மரபு அணிக்கு அண்ணன்தான் வட்டாரச் செயலாளர்.

தேர்தல் நெருங்கிய நாளில் எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர், "மரபு அணி தீவிரவாதிகளின் கூடாரம்" என்று பேசினார். குரல் காதில் விழுந்தது. தீவிரவாதிக்கு அக்கா பழகியிருந்த சைகை ஒன்றுதான்: இரண்டு விரலை நீட்டித் துப்பாக்கி பிடிப்பது. பிடித்தார். அடுத்த செய்தி மழை. விரல்கள் மழையாகப் பெய்தன.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தார்.

"நீ என்னத்தக் காட்டித் தொலைச்ச? அம்மா என் பீரோவக் கவுத்துப் போட்டுத் துப்பாக்கி தேடுறாங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் சிரிக்கவில்லை.

"சொன்னது நான் இல்லண்ணா. அவரு சொன்னாரு."

"கை உன்னோடதுதானே? பழைய பாடத்திட்டம் வேணும், வாரத்துல ஒரு நாள் கடைய மூடணும்னு கேக்குறவனுக்கு இந்தப் பட்டமா? ஒரு தடவ கூட்டத்துக்கு வந்து பாரு. அப்புறம் பட்டம் கட்டு."

சனிக்கிழமை மதியம் போனார். அம்மாவும் கூடவே வந்துவிட்டார். துப்பாக்கி விஷயத்தில் மகன் சொன்னதை அவர் முழுதாக நம்பியிருக்கவில்லை. நீளமான கூடம். மின்விசிறிகள் மெதுவாகச் சுற்றின. ஜன்னல் வெயில் தரையில் கட்டம் கட்டமாகக் கிடந்தது. ஓய்வு பெற்ற தபால்காரர் தேநீர் கொடுத்தார். ஓர் ஆசிரியை, பிள்ளைகளுக்குக் கையெழுத்தே வருவதில்லை என்று வருத்தப்பட்டார். அக்கா எல்லாவற்றையும் அம்மாவுக்குக் கையால் சொல்லிக்கொண்டே இருந்தார். குரல்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலிருந்தன. நல்ல மனுஷங்கதான் என்று அம்மா தலையாட்டினார்.

பிறகு மருந்துக்கடைக்காரர் எழுந்தார். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"வெளியிலருந்து வந்து குடியேறினவங்க வீட்டுக் கதவுல ஒரு அடையாளம் போடணும். யாரு யாருன்னு நமக்குத் தெரியணும். அவங்களுக்கும் கொஞ்சம் பயம் இருக்கும்."

அக்காவின் கை பாதியில் நின்றது. பதினான்கு வருடத்தில் அப்படி நின்றதில்லை. அம்மா அவருடைய மணிக்கட்டைத் தொட்டார். என்ன சொன்னார்?

அக்கா சொன்னார். கதவு. அடையாளம். பயம்.

"எல்லாரும் அதையா சொல்றாங்க?" அம்மாவின் கை கேட்டது.

"ஒருத்தருதான்."

"மத்தவங்க?"

அக்கா சுற்றிப் பார்த்தார். நான்கைந்து பேர் கை தட்டினார்கள். தபால்காரர் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் மேடையில் காகிதங்களை அடுக்கினார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார்.

"சும்மா இருக்காங்கம்மா."

அம்மா எழுந்து நின்றார். அத்தனை பேர் தலைக்கு மேலாக மகனைப் பார்த்துக் கையை வீசினார்.

"கதவுல அடையாளம். உனக்குச் சம்மதமா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனின் கை இடுப்புக்குக் கீழே சின்னதாக அசைந்தது. இல்லை.

"என்கிட்ட ஏன் சொல்ற? காது கேக்கிறவங்க கிட்ட சொல்லு. வாயால."

அம்மாவின் அந்தச் சைகை அங்கிருந்தவர்களில் மூன்று பேருக்கு மட்டுமே புரிந்தது. அண்ணன் முகம் சிவந்தது. மைக்கை இழுத்தார்.

"இப்போ பேசினது நம்ம அணியோட பேச்சு இல்ல. கூட்டக் குறிப்புல ஏறக் கூடாது. அப்படி நினைக்கிறவங்களுக்கு இங்க இடமும் இல்ல."

தபால்காரர் முதலில் கை தட்டினார். ஏழெட்டுப் பேர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியேறினார்கள். மருந்துக்கடைக்காரர் போகவில்லை. கால் மேல் கால் போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை அக்கா செய்தி ஆசிரியரிடம் போனார். தீவிரவாதி என்று யாராவது யாரையாவது திட்டினால் இனித் துப்பாக்கி பிடிக்க மாட்டேன், எல்லை தாண்டிப் போனவர் என்ற பொருளில் உள்ளங்கையை ஒரு கோட்டின் கடைசிவரை தள்ளிக் காட்டுவேன் என்றார்.

"யாரோ சொல்லித்தான் மாத்துறீங்களா?" என்றார் ஆசிரியர்.

"துப்பாக்கி இருந்தா துப்பாக்கியே காட்டுறேன் சார். இல்லாதப்ப எப்படிக் காட்டுறது?"

எதிர்க்கட்சிக்காரர்கள், தங்கள் பேச்சின் பல்லைப் பிடுங்கிவிட்டதாகப் புகார் எழுதினார்கள். கடைசிவரை தள்ளுவதும் அநியாயம்தான் என்று அண்ணன் முணுமுணுத்தார். இரண்டு மாதத்தில் கட்சி மேலிடம் அவரை நீக்கிவிட்டு மருந்துக்கடைக்காரரைச் செயலாளராக்கியது. பாதிப் பேர் புதிய செயலாளரோடு நின்றார்கள். மீதிப் பேர் கண்ணாடிக் கடையில் கூடி, பழைய பாடத்திட்டத்துக்கே மனு எழுதினார்கள். அண்ணன் கொள்கையில் ஓர் அங்குலமும் மாறவில்லை. அக்கா அவருடைய கட்சிக்கு ஓட்டுப் போடவும் இல்லை.

தீவிரவாதிகளின் கூடாரம் என்ற அந்தப் பழி நியாயமா என்று கேட்டால், "அன்னைக்கு அந்தக் கூடத்துல பாதி நியாயம்" என்பார் அக்கா. மற்ற கூடங்களைப் பற்றி அவருக்குத் தெரியாது.

ஆனால் செய்தி இப்போது அவரிடம் தங்கத் தொடங்கியிருக்கிறது. பஸ்ஸில் வரும்போது ஒவ்வொன்றாக நினைவு வருகிறது. மூன்று மணிக்கு அவர் கை கோட்டின் கடைசிக்குப் போகும்போதெல்லாம், கண்ணாடிக் கடைக்குப் பின்னாலுள்ள அறையில் அம்மா டிவியைப் பார்த்து, "யாரை? எல்லாரையுமா?" என்று கையால் கேட்கிறாராம். மகள் பதில் சொல்லவில்லையே என்று கோபித்துக்கொள்கிறாராம். அண்ணன்தான் கடையைப் பாதியில் விட்டு உள்ளே போய், பக்கத்தில் உட்கார்ந்து, யார் அப்படி, யார் அப்படி இல்லை என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டியிருக்கிறது.