கழுத்தட்டையில் துர்காதேவி

வெங்காயத்தைப் பார்க்காமலே நறுக்குகிறார். மதியப் பந்தி நடக்கும்போதே ராத்திரிச் சமையலுக்கான வேலை தொடங்கிவிடும். கை அரிவாள்மனையில், கண் பந்தியில். யார் இரண்டாவது முறை பொரியல் கேட்கிறார், யார் கத்தரிக்காயைத் தட்டோரம் ஒதுக்குகிறார் என்பதெல்லாம் அடுத்த வேளையே திருத்தமாக வந்துவிடும். இரண்டாம் நாள் முதல் என் தட்டில் பச்சை மிளகாய் விழவில்லை. நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

கொடைக்கானலில் மலைநடை, மதுரையில் ஊர் பார்ப்பது, பிறகு பாம்பன் பக்கத்துக் கடலோரக் கிராமங்கள், இராமேசுவரம். மே மாதத்து ஐந்து நாள் சுற்றுலா. விளம்பர நோட்டீசில் மலையையும் கடலையும்விடப் பெரிய எழுத்தில் இருந்தது 'சுத்த சைவ உணவு'. பயணிகள் முப்பத்திரண்டு பேர். மூன்று வேளையும் ஆக்கிப் போடுகிறவர் இவர் ஒருவர்தான். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கழுத்தில் தொங்கும் அட்டையில் 'துர்காதேவி, சமையல்' என்று அச்சடித்திருக்கிறது.

பூம்பாறைக்கு மேலே நடந்த அன்று எங்களுக்குக் கைத்தடி, மலையேறும் செருப்பு, முதுகில் தண்ணீர்ப் பை. அவர் ரப்பர் செருப்போடு, எலுமிச்சைச் சாதச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏறிப் போயிருந்தார். நாங்கள் நாக்குத் தள்ளப் போய்ச் சேர்ந்தபோது இலை போட்டாகிவிட்டது. "உங்களுக்கு மூச்சு வாங்கலையா?" என்று கேட்டேன்.

"நீங்க வெறுந்தலையா வாரீங்க, அதான் வாங்குது. தலையில சட்டி இருந்துச்சுன்னா நின்னு மூச்சு வாங்க அது எங்க விடுது?" என்று சொல்லி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

பயணிகளுக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் ரசத்தை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "துர்கா கை பட்டாலே சுத்தம். இந்தக் காலத்துல யாரு எவருன்னு தெரியாம வெளியில எப்படிச் சாப்பிடறது, சொல்லுங்க?"

"ஆமாம்மா," என்று இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார் துர்காதேவி.

மதுரையில் என் முழங்கால் வீங்கிவிட்டது. மற்றவர்கள் மகால் பார்க்கப் போக, நான் பேருந்தின் கடைசி இருக்கையில் படுத்திருந்தேன். முன்பக்கம் இருந்த துர்காதேவி நெற்றியிலிருந்த ஒட்டுப்பொட்டைப் பிய்த்துத் தூக்குச்சட்டி மூடியில் ஒட்டினார். சற்று நேரத்தில் செவிலியர் படிப்புச் சீருடையில் ஒரு பெண் ஏறி வந்து, "உம்மா" என்று அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தார். அவள் போனதும் பொட்டை எடுத்து மறுபடி ஒட்டிக்கொண்டு திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"சார் தூங்கலையா?"

தூக்குச்சட்டி மூடியை அழுத்தி மூடினார். பிறகு அவரே சொன்னார். பெயர் நூர் நிஷா. ஊர் பாம்பன். கணவர் குவைத்தில் வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோனார். மகள் மாஷிதாவின் படிப்பு இந்த வேலையில்தான் நிற்கிறது.

"இந்த அட்டை முன்னாடி எப்பவோ சமைச்ச ஒரு அம்மாவோடது சார். நா கரண்டி பிடிச்சன்னைக்கே காளீஸ்வரண்ணே மாட்டிவிட்டாரு. அடிச்ச அட்டை அடிச்சதுதான், நீ துர்காவாவே இருந்துக்கன்னாரு. பொட்டும் அவரு வாங்கித் தந்ததுதான்."

காளீஸ்வரன் இந்தச் சுற்றுலாவை நடத்துகிறவர். போன கோடையில் மதார் என்று ஒரு சமையல்காரரைச் சொந்தப் பெயரிலேயே வைத்திருந்திருக்கிறார். இரண்டு நாள் ருசித்துச் சாப்பிட்ட பயணிகள், பெயர் தெரிந்த மூன்றாம் நாள் ரகளை செய்திருக்கிறார்கள். மதாரைப் பையோடு வத்தலக்குண்டில் இறக்கிவிட்டார்கள். ஒரு அண்டாத் தயிர்ச்சாதத்தைச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். அப்போது நூர் நிஷா பாத்திரம் கழுவுகிற ஆளாக இருந்தார்.

"பசியோட வந்தாக சார். பசியோடயே கொட்டுனாக."

ஒருவர் கழுவிய அரிசி அவர் பெயர் தெரிந்ததும் அழுக்காகிவிடுகிறதென்றால், அந்த அழுக்கு எந்த அண்டாவில் இருந்தது? கொட்டியவர்கள் தெருச் சண்டியர்கள் அல்லர். என் பக்கத்து இருக்கைகளில் இருப்பவர்களைப் போன்றவர்கள்: ஓய்வூதியக்காரர்கள், பொறியாளர்கள், கண்தானப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். தங்கள் கண்ணை யாருக்கு வைப்பார்கள் என்று கேட்டுவிட்டா கையெழுத்துப் போட்டார்கள்? எல்லாரையும் உட்காரவைத்துப் பேசப்போகிறேன் என்றேன்.

"நீங்க பேசிட்டு பஸ்ல ஏறிக்கிருவீங்க. நா எங்கன ஏற?"

நான் அந்தப் பேச்சை யாரிடமும் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலமே நூர் நிஷா என் முன்னாலேயே தங்கைக்குப் போன் போட்டார். தங்கை ஜுனைதா பாம்பன் கரையில் கருவாடு காயவைக்கிறவர். "ஏடி, நாளைக்கு அங்கனதான் வாரோம். என்னையப் பாத்தா தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிறாத. இங்க நா துர்கா."

போனைத் தாண்டிக் கேட்டது பதில்: "நீ என்னா சினிமா நடிகையா லாத்தா, பாத்ததும் நாங்க கூட்டம் போட?"

பாம்பனில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன. நாட்டுப்படகில் வந்த சூடைமீன் வலை விரிப்பின் மேல் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுகையால் படம் எடுத்தார்கள். 'உழைப்பாளிகள்' என்று ஒருவர் உருகினார். பேருந்து நிழலில் பந்தி நடந்தது.

வெயிலுக்குத் தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் காலிக் குடத்தோடு வந்தார். அங்கே வேலை செய்த பெண்கள் எல்லாருமே அப்படித்தான் கட்டியிருந்தார்கள். நூர் நிஷாவின் அதே நெற்றி, அதே தாடை. எவர் கண்ணிலும் அது படவில்லை.

"சமையக்காரம்மா, கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" ஜுனைதா தன் நடிப்பை அனுபவித்துக்கொண்டிருந்தார்.

"பாவம், வெயில்ல நிக்கிறா. ஒரு தட்டு சோறு குடு துர்கா," என்றார் தலைமையாசிரியை.

"வேணாம்மா, அவுகளுக்கு வேலை கெடக்கும்."

"அட, குடும்மா. புண்ணியம்."

ஜுனைதா சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "சாம்பாரா? ரெண்டு கருவாட்டைக் கிள்ளிப் போட்டிருந்தா வாய்க்கு வெளங்கும்." பந்தியில் சிலர் சிரித்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். நூர் நிஷாவின் உதட்டோரம் துடித்தது. தங்கையின் முகத்தைப் பார்க்காமல் சோற்றைக் குவித்துப் போட்டார்.

அடுப்புப் பக்கமாக மணலில் உட்கார்ந்தார் ஜுனைதா. ஏழைக்கு அன்னமிட்ட காட்சியைப் படம் பிடிக்கத் தலைமையாசிரியை கைப்பேசியோடு பக்கத்தில் வந்து நின்றார். ஜுனைதாவுக்கு நல்ல பசி. பிசைந்தார். முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோனபோது, நடிப்பை மறந்து, சாப்பிடுமுன் ஓதும் சொல்லை நாக்குத் தன் போக்கில் தொடங்கியது: "பிஸ்மி..."

கரண்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்த நூர் நிஷா, சாம்பார் வடியும் கையால் தங்கையின் வாயை இறுகப் பொத்தினார். கவளம் மணலில் விழுந்தது. கையை எடுக்கவில்லை.