பின்கதவால் வருகிறவன்

என் முதல் கதையில் ஒருவன் லீவில் ஊருக்கு வருகிறான். பின்கதவால் நுழைந்து, குழம்பு வைத்த ஆணச் சட்டியைத் திறந்து, தானே சோறு போட்டுச் சாப்பிடுகிறான். முடிவு அவ்வளவுதான். அந்த வீடு தங்கச்சிக்குச் சீதனமாக எழுதப்பட்டுவிட்டது என்பதை முன்பே சொல்லியிருந்தேன்.

கொழும்பிலிருந்து சஞ்சிகை ஆசிரியர் கோல் எடுத்தார். "கதை நல்லம் தம்பி. ஆனா வீட்ட இழந்தவன் இப்படி நிம்மதியாச் சாப்பிடுவானா? முற்றத்தில நிண்டு அழட்டும். மாத்தித் தந்தா அடுத்த இதழில போடலாம்."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். என் பெயர் அச்சில் வரப்போவதை வாப்பா நற்பிட்டிமுனை வயல்காரர்கள் எல்லோரிடமும் சொல்லியும் விட்டார். மாற்றினேன். அவனை முற்றத்தில் நிறுத்தி ஒரு பக்கம் அழவைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, நான் பிறந்த வீட்டுக்குப் போனேன். தங்கச்சிக்குக் கலியாணமாகி நாலு மாதம். வீடு இப்போது அவளுடையது; உம்மாவும் வாப்பாவும் அவளோடு, நான் வேறாக இருந்தேன். கேற்றடியில் சலாம் சொல்லிவிட்டு நின்றேன்.

"என்ன காக்கா, கலியாணம் சொல்ல வந்த ஆள் மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் தங்கச்சி.

சாப்பாட்டுக்குப் பிறகு புதிய முடிவை வாசித்துக் காட்டினேன்.

"ஏன் மகன், அவன் அழுறான்? வீடு எரிஞ்சிட்டா?" என்று உம்மா கேட்டார்.

"பசியாக்கும். உள்ள வந்து தின்னச் சொல்லுங்க" என்றாள் தங்கச்சி.

அவள் கணவர் சிரித்தார். "மச்சான், இவன் அழுதா ஊரு என்னத்தான் ஏசும், துரத்திட்டான் எண்டு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கம்தான் வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. வாப்பாவும் ஒரு பையோடு உம்மா வீட்டுக்கு வந்தவர்தான். அவர் பிறந்த வீடு இன்று அவருடைய தங்கச்சி, எங்கள் மாமியுடையது. அங்கே போனால் இப்போதும் யாரையும் கேட்காமல் குடத்தில் தண்ணீர் அள்ளிக் குடிப்பார். உறுதிப் பத்திரத்தில் பெயர் உள்ளவனுக்குத்தான் வீடு என்றால் எங்கள் ஊர் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் அநாதைகள். நாங்கள் அநாதைகள் இல்லை. யாரோ இரங்குவதற்காக நான் யாரையும் முற்றத்தில் நிறுத்தப் போவதில்லை.

அங்கிருந்தே ஆசிரியருக்குக் கோல் எடுத்தேன். "சேர், அவன் சாப்பிடுவான்."

"அப்ப போடேலாது தம்பி."

"ஓம் சேர். அவன் சாப்பிடுவான்."

பக்கத்தில் இருந்த வாப்பாவிடம், அச்சில் வராது என்றேன். "அப்ப வயலுக்கு வந்து நீயே வாசிச்சுக் காட்டு. நான் சொல்லிட்டன்தானே" என்றார்.

அடுத்த வெள்ளி பின்கதவால் போனேன். சட்டியில் மீன் ஆணம் இருந்தது.