செவ்வாய்க்கிழமை நாற்காலிகள்

டாக்டர் கோரின் ஹால்வர்சனுக்குப் பரிசோதனையில் நல்ல எண் வந்தால் சந்தேகம் வரும். ஐம்பத்தேழு வயதில் இது குணமா வியாதியா என்று அவருடைய ஆய்வகத்தாருக்கே தெரியாது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, மில்வாக்கியின் ஆராய்ச்சிக் கட்டடத்தில், அவர் முன்னால் மிக மிக நல்ல எண் ஒன்று கிடந்தது. வெர்னல் பிரூயிட், வயது அறுபத்தொன்று, ஆறு வருடமாக டயாலிசிஸ். கழுத்துச் சுரப்பி சுரக்கும் பாராதைராய்டு ஹார்மோன் ஐந்து மாதத்துக்கு முன் ஆயிரத்து முந்நூற்றெண்பது, இப்போது நூற்றிருபது.

சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு அந்த ஹார்மோன் தலைகால் தெரியாமல் ஏறும்; ஏறினால் எலும்பிலிருக்கும் கால்சியத்தைத் தின்னும். அதை அடக்கத்தான் கோரினின் மருந்து; இப்போது நாற்பது நோயாளிகளிடம் சோதனையில் இருந்தது. பால் பண்ணையில் வளர்ந்தவர் அவர். கன்று ஈன்ற பசு ஒன்று கால்சியம் இறங்கி எழ முடியாமல் கிடந்ததையும், கால்நடை டாக்டர் ஒரு பாட்டில் கால்சியம் ஏற்றியதும் அது எழுந்து நின்று தீவனம் தேடியதையும் ஒன்பது வயதில் பார்த்தார். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. நடுவில் ஒரு கல்யாணம் வந்து போனது, அதனாலும் தெளியவில்லை.

ஹார்மோன் நூற்றைம்பதுக்குக் கீழே போனால் மருந்தைப் பாதியாக்க வேண்டும் என்பது அவரே எழுதிய விதி. வெர்னலின் டயாலிசிஸ் பதினொன்றரைக்கு முடியும். முடியும்போது நர்ஸ் குழாய் வழியாகப் பாதி மருந்துதான் ஏற்றுவாள். ஆனால் எலும்பு கரைவதைக் காட்டும் இன்னொரு பரிசோதனை மாதாமாதம் ஏறிக்கொண்டிருந்தது. வெர்னலின் இடுப்பு வலியும் குறையவில்லை.

"ரெண்டும் எப்படி உண்மையா இருக்கும்?" என்று புள்ளியியல்காரர் கோர்டனிடம் கேட்டார். சோதனையின் புள்ளிவிவரமெல்லாம் கோர்டன் கையில்.

"நாற்பது பேர்ல நம்மளோட பெஸ்ட் பேஷண்ட் அவங்க. அதைப் போய் நோண்டறியே. விதியை நீதானே எழுதினே?"

"எழுதினேன். அதான் பயமா இருக்கு."

பயம் சும்மா வரவில்லை. எண் உண்மையாக இருந்து மருந்தைக் குறைக்காவிட்டால் கால்சியம் சரிந்து இதயம் தடுமாறும். எண் பொய்யாக இருந்து குறைத்தால், ஏற்கெனவே மெலிந்துபோன அந்த இடுப்பெலும்பு ஒரு படிக்கட்டில் முறிந்துவிடும். டயாலிசிஸ்காரர்கள் இடுப்பு முறிந்து படுத்தால் பலர் எழுவதில்லை. கோரின் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

டயாலிசிஸ் கூடத்தில் செவ்வாய், வியாழன், சனி காலைக்காரர்கள் ஒரு குடும்பம் மாதிரி. நான்கு மணி நேரம் ஊசியோடு அசையாமல் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிதான் சொந்தம். மிட்டாய், கம்பளி, மருமகள் பற்றிய புகார், எல்லாம் கை மாறும். நடுநாயகமாக வெர்னல். முப்பது வருடம் சலூன் நடத்திய கை. அவர் வாயும் அதே அளவுக்கு வேலை செய்யும்.

"வா கண்ணு. அந்தத் தொப்பிய மொதல்ல கழட்டு. உள்ள இருக்கிற முடிய யாரு வெட்டினது, உங்க அப்பாவோட மாட்டு டாக்டரா?"

பக்கத்து நாற்காலிகள் சிரித்தன. கோரினும் சிரிக்கப் போனார், பாதியில் நின்றுவிட்டார். வழக்கமாகக் கட்டும் துணி இன்று வெர்னலின் தலையில் இல்லை. போன கோடையில் நெற்றி மேலே வழுக்கையாய் இருந்த இடத்தில் இப்போது அடர்த்தியாகச் சுருள்முடி.

"வெர்னல் அம்மா, முடிக்கு என்ன பண்றீங்க?"

"இப்பவாவது யாராச்சும் கேட்டீங்களே." பைக்குள் கைவிட்டு ஒரு டப்பாவை எடுத்தார். சீப்பும் சவுரியும் விற்கும் கடையில் வாங்கியது. கோரின் லேபிளைப் படித்தார். பயோட்டின், முடி வளர விற்கும் வைட்டமின். பத்தாயிரம் மைக்ரோகிராம். டப்பாவைத் திருப்பி இன்னொரு தடவை படித்தார்.

"மாசாமாசம் வேற மருந்து எடுக்கறீங்களான்னு படிவத்துல கேட்டோமே?"

"மருந்து கேட்டீங்க. இது முடிக்கு." வெர்னலுக்குக் கோபம்கூட வரவில்லை, இவ்வளவு படித்தவளுக்கு இது தெரியாதா என்ற இரக்கம்தான் வந்தது. "என்னடி, மொகம் இப்படி வெளுத்துப் போச்சு?"

பரிசோதனை எந்திரம் ஹார்மோனைப் பிடித்து நிறுத்தப் பசையாக வைத்திருப்பதே பயோட்டினைத்தான். ரத்தத்தில் அது வெள்ளமாக இருந்தால் பசை வேலை செய்யாது; ஹார்மோன் நழுவிவிடும்; இல்லவே இல்லை என்று எந்திரம் சத்தியம் செய்யும். வேலை செய்யும் சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். இவர்களுக்கு அந்தச் சிறுநீரகம் இல்லை.

"வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

வெர்னல் கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். ஒவ்வொன்றாக ஏழு கைகள் உயர்ந்தன; ஏழு பேரும் சோதனையில் இருப்பவர்கள். வழுக்கைத் தலை எர்ல் கடைசியாகக் கை தூக்கினார். "நம்பிக்கைதான்" என்றார்.

நர்ஸ் எட்டு பேரிடமும் குழாயிலிருந்தே ரத்தம் எடுத்தாள். மணி ஒன்பதே முக்கால். பயோட்டின் பசை இல்லாத வேறு வகை எந்திரம் பள்ளத்தாக்குக்கு அக்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தது. கோரினே காரில் கிளம்பினார். பாலத்தில் உறைபனி. முன்னால் பனி கரைய உப்புத் தூவும் லாரி ஆமையாய் ஊர்ந்தது. பக்கத்து இருக்கையில் ரத்தக் குப்பிகள் வைத்த பனிக்கட்டிப் பெட்டி. கோரின் வாய்விட்டுத் திட்டினார்; லாரிக்காரனை அல்ல, 'வேறு மருந்து எடுக்கிறீர்களா' என்ற படிவத்தின் நான்காவது கேள்வியை. அதை எழுதியது அவர்தான்.

அந்த எந்திரத்துக்கு இருபது நிமிடம் வேண்டும். வரிசையில் காத்திருக்க நாற்பது நிமிடம். பதினொன்று இருபதுக்கு முதல் எண் வந்தது. வெர்னல்: ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்து.

கோரின் நர்ஸுக்குப் போன் போட்டார். "பாதியாக்காதே. போன தடவை குடுத்ததையே குடு. அவங்கள நடக்க விடாம சக்கர நாற்காலில கார் வரைக்கும் கொண்டுபோய் விடு." அப்புறம் அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். 

மற்ற ஏழு எண்களும் வந்தன. சோதனையின் மிகச் சிறந்த எட்டு பேரில் ஒருவருக்குக்கூட மருந்து வேலை செய்யவில்லை. அந்த எட்டை எடுத்துவிட்டால் மற்ற முப்பத்திரண்டு பேரிடம் சொல்லிக்கொள்ளும்படி பலனே இல்லை.

"இந்த மருந்துக்குப் பதினோரு வருஷம், கோரின்" என்றார் கோர்டன் போனில். "நீ பார்க்காமலே இருந்திருக்கலாம்னு சொல்ல வாய் வருது. சொல்லல."

"சொல்லாதே. எல்லாரோட பைலையும் தெற. சாயங்காலத்துக்குள்ள மருந்துக் கம்பெனிக்கு நானே எழுதறேன்."

எழுதினார். எழுதிவிட்டு, கார் நிறுத்தும் இடத்தில் காருக்குள் அழுதார். பசு எழுந்து நின்ற அந்தக் காலையை நினைத்து அழுதார் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் நான்காவது கேள்வியை நினைத்துத்தான் அழுதார்.

வியாழக்கிழமை அவரே கூடத்துக்குப் போனார். நாற்காலி நாற்காலியாக நின்று, மருந்து பலிக்கவில்லை, எண் பொய், தப்பு என்னுடையது என்று எட்டு தடவை சொன்னார். வெர்னலிடம் கடைசியாக வந்தார். அந்த ஹார்மோனைச் சுரக்கும் அவருடைய கழுத்துச் சுரப்பியை எடுக்கும் ஆபரேஷனுக்கு அடுத்த வாரமே நாள் குறித்தாகிவிட்டது.

வெர்னல் கேட்டு முடித்தார். பிறகு பையைத் திறந்து மடியில் கவிழ்த்தார். எட்டு டப்பாக்கள். காலையிலேயே எல்லோரிடமும் வசூலித்து வைத்திருந்தார்.

"எடுத்துக்கோ கண்ணு" என்றார். "என் முடி உன்கிட்ட இருக்கட்டும். இடுப்ப மட்டும் எனக்குத் திருப்பிக் குடு."