விளக்கு மாட்டிய குற்றம்

வெள்ளிமலைப் பாதையின் மூடுபனிக்காக என் காரில் வெளிக்கடையில் இரண்டு விளக்குகள் மாட்டினேன். ஆறு மாதத்தில் கியர் உடைந்தது. கள்ளக்குறிச்சி சர்வீஸ் சென்டரில் கியர்பாக்ஸை அக்கக்காகக் கழற்றித் தரையில் பரப்பிய பிறகுதான் வாரண்டி கிடையாது என்றார்கள்.

"வெளிய வயரிங் பண்ணிக்கினீங்க. கம்பெனி ஒத்துக்காதுங்க" என்றார் சூப்பர்வைசர்.

"வெளக்குக்கும் கியருக்கும் இன்னாய்யா சம்பந்தம்? மூக்குத்தி போட்டதால முட்டி வலிக்குதுன்னுவியா?"

"கையெழுத்துப் போடுங்க, மாட்டித் தரோம்" என்று ஒரு கடிதத்தை நீட்டினார்.

தவறு என்னுடையது என்று அந்தக் கடிதம் சொன்னது. போட்டால் வாரண்டி போய்விடும். போடாவிட்டால் வண்டி அங்கேயே கிடக்கும். டயாலிசிஸ் முடிந்து பஸ்ஸில் மலையேற என் மனைவியால் முடியாது. மறுநாள் காலையில் அவளுக்கு முறை.

போட்டேன். அது பொய்க்குப் போட்ட கையெழுத்து. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.