கதவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் சட்டை

எங்கள் சிம்பாங் அம்பாட் வீட்டில், அறைக்கதவின் பின்னால் அக்காவின் மஞ்சள் சட்டை இன்னும் தொங்குகிறது. மணிக்கட்டு வரை கை வைத்த சட்டை. எவ்வளவு வெயிலானாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் தொழிற்சாலைக்குப் போவாள். உள்ளே, முழங்கையிலிருந்து தோல் சிவந்து வெள்ளைச் செதிலாக உரிந்துகொண்டிருக்கும். சொரியாசிஸ் என்ற பெயரை வீட்டில் முதலில் படித்துச் சொன்னவன் நான். பல்கலைக்கழகம் வரை போனவனும் எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான்.

ஜார்ஜ் டவுன் தோல் டாக்டரம்மா கொடுத்த ஊசியில் அது முழுக்க மறைந்தது. வீட்டிலேயே அக்கா தானே வயிற்றில் போட்டுக்கொள்வாள். ஆனால் ஒரு தைப்பூசம் நெருங்கும்போது சிவப்பு திரும்பி வந்தது. இந்த மருந்து இனி இவளுக்குக் கேட்காதோ, வேறு மருந்துக்கு மாற்றவேண்டுமோ என்று டாக்டரம்மா யோசித்தார். அதற்கு முன், ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறதென்று பார்த்துவிடலாம் என்றார். அடுத்த ஊசி போடவேண்டிய நாளில், அதைப் போடுவதற்கு முன் ரத்தம் எடுத்தார்கள். யார் முன்னாலும் ஏற்றாத அந்த மஞ்சள் சட்டைக் கையை அக்கா மெல்ல மடித்து ஏற்றினாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முடிவு வந்த அன்று நானும் கூடப் போனேன். "ரத்தத்துல மருந்தே இல்லையேமா. ஊசி போடுறியா இல்லையா?" என்றார் டாக்டரம்மா.

அக்கா தரையைப் பார்த்தாள். "விரதம் டாக்டர். அது மிருகத்தோட செல்லுல செய்யுற ஊசின்னு கூட வேல செய்யுற அக்கா சொன்னாங்க. கவுச்சி உள்ள போகக்கூடாதுல்ல? தோலு நல்லாயிட்டா பால்குடம் எடுக்குறேன்னு வேண்டியிருந்தேன்."

"நல்லாக்குன ஊசியையே நிறுத்திட்டு நன்றி சொல்லப் போறியா? முருகன் கோவிச்சுக்க மாட்டாரு லா. நான் கோவிச்சுக்குவேன்!"

உடம்பு மருந்தை எதிர்க்கவில்லை என்றும் பரிசோதனை காட்டியிருந்தது. மறுபடி தொடங்கினால் கேட்கும், மாற்றவேண்டியதில்லை என்றார். அக்கா அழுதுவிட்டாள். ஆனாலும் பிடிவாதம் போகவில்லை: "பால்குடத்த எறக்கிட்டு அன்னிக்கே போட்டுக்குறேன் டாக்டர். சத்தியமா."

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோவில் படிகளில் அந்த மஞ்சள் சட்டையோடுதான் ஏறினாள். வியர்வை பட்டு எரிந்த எரிச்சலை உதட்டைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் குளிர்பெட்டியிலிருந்து ஊசியை எடுத்தாள். "தம்பி, நல்லா பாத்துக்கடா. நாளைக்கு டாக்டர் என்னைய நம்பாம உன்னையத்தான் கேப்பாங்க" என்று சிரித்தாள்.

அடுத்த முறை எடுத்த ரத்தத்தில் மருந்து இருந்தது. சில மாதங்களில் கைகள் தெளிந்தன. கல்யாணத்துக்குக் குட்டைக் கை ரவிக்கை தைத்துக்கொண்டாள். கணவனோடு ஜொகூருக்குப் புறப்பட்ட அன்று, "சட்டைய மறந்துட்டியேக்கா" என்றேன். "இனிமே அது எதுக்குடா?" என்றாள்.

இப்போது கைப்பேசித் திரையில்தான் அவளைப் பார்க்கிறேன். வெறும் முழங்கையால் நெற்றியைத் துடைத்தபடி சமைத்துக்கொண்டே பேசுகிறாள். அந்தச் சட்டைக்குள் அவள் திரும்பி வரவேண்டும் என்று நான் ஆசைப்படவே கூடாது. இருந்தும், கதவைச் சாத்தும்போது அதன் கை லேசாக அசைந்தால், அவள் சாப்பிடக் கூப்பிட்டது போல ஒரு நொடி நின்றுவிடுகிறேன்.