புத்தூரில் நான் தும்மாத நாள்

என் மனைவியை முதன்முதலில் பார்க்கப் போனபோது நான் போதையில் இருந்தேன் என்று புத்தூரில் சில வீடுகளில் இன்றும் பேச்சு உண்டு. போதை என்பது அபவாதம். கண் சிவந்திருந்தது, கால் தள்ளாடியது, நாக்குக் குழறியது எல்லாம் உண்மை. குடித்திருந்ததும் உண்மைதான். குடித்தது யூகலிப்டஸ் தைலம்.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில் இருந்தோம். அங்கே ஜலதோஷம் மார்கழியோடு சேர்ந்து வரும். விடியுமுன் காவேரியில் ஒரு முழுக்கு, ஈர வேஷ்டியோடு கோயில், பனியில் நின்று கையில் வாங்கும் பொங்கல். தை பாதியானால் மற்றவர்களின் மூக்கெல்லாம் சரியாகிவிடும். என்னுடையது மட்டும் சாவகாசமாக ஒழுகிக்கொண்டிருக்கும். கல்யாணப் பேச்சுத் தொடங்குவதும் தையில்தான் என்பதுதான் சங்கடம்.

முந்தின வருஷம் முசிறியில் ஒரு வரன் என் மூக்கால் போயிற்று. ஜாதகம் பொருந்தியிருக்கிறது என்று பெண்ணின் தகப்பனார் சொல்லி வாய் மூடுவதற்குள் தும்மிவிட்டேன். ஒற்றைத் தும்மல், அபசகுனம். இரட்டையாகத் தும்மினால் தோஷமில்லை என்று எங்கள் பக்கத்தில் ஒரு சலுகை உண்டு. இன்னொன்றை வரவழைக்க ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்தேன். அங்கவஸ்திரத்தின் நுனியைத் திரித்து மூக்கில் விட்டேன். வரவில்லை. ஜாதகம்தான் திரும்பி வந்தது.

அதனால் புத்தூர் வரன் வந்தபோது, பெண்ணைப் பற்றி விசாரிக்குமுன் என் அக்கா என் மூக்கைப் பற்றிக் கவலைப்பட்டாள். எனக்கு வயசு முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. "இதுவும் தட்டிப்போச்சுன்னா அப்புறம் நீயும் உன் புஸ்தகங்களுமா குடித்தனம் பண்ணிக்கோ" என்றாள். அத்திம்பேர், அதாவது ரயில்வேயில் இருந்த அக்கா புருஷர், ஊட்டிக்குப் போனபோது வாங்கிவந்த தைலப் புட்டியை என்னிடம் கொடுத்தார். கொதிக்கிற வெந்நீரில் சில சொட்டு விட்டுப் போர்வையை மூடிக்கொண்டு ஆவி பிடிக்க வேண்டும். கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு முகரலாம். அவ்வளவுதான் அவர் உபதேசம். செய்தேன். அடைப்பு விட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பெண் பார்க்கப் புறப்படுகிற மத்தியானம் மூக்கு மறுபடி குறுகுறுத்தது. முசிறி ஞாபகம் வந்தது. புட்டியை எடுத்தேன். வெளி உபயோகத்துக்கு மட்டும் என்று இங்கிலீஷில் அச்சிட்டிருந்தது. படித்தேன். எச்சரிக்கைகள் படிக்காதவர்களுக்காக எழுதப்படுகின்றன என்பது நான் நிறையப் படித்துச் சம்பாதித்த ஞானம். தவிர, அந்த வாசனை. பெருமாள் தீர்த்தத்தில் பச்சைக் கற்பூரம் போடுவார்கள். குளுகுளுவென்று மூக்கில் ஏறும் வாசனை எதுவானாலும் ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு வலது கை தானாகக் குழியும். ஆவியே இவ்வளவு செய்தால் சரக்கு எவ்வளவு செய்யும் என்று உள்ளங்கை நிறைய விட்டு, சப்தமில்லாமல் உறிஞ்சினேன். பழக்கதோஷம், மிச்ச ஈரத்தைக் கண்ணில் ஒற்றித் தலையிலும் தடவிக்கொண்டேன்.

கண் அப்போதே சிவந்துவிட்டது. மற்றவை பஸ்ஸில் தொடங்கின. காவேரிப் பாலத்தில் வயிற்றுக்குள் யாரோ அடுப்பு மூட்டினார்கள். பக்கத்தில் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னடா இது, ஊட்டி மலையே கூட வரதே" என்றாள்.

"தும்மல் வரலை பார்த்தியா?" என்றேன்.

பெண்ணின் தகப்பனார் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். மதுவிலக்குக் காலம். டிஞ்சர் குடித்தவன், வார்னிஷ் குடித்தவன் என்று தினம் கூண்டில் பார்த்துப் பழகிய கண். நான் செருப்பைக் கழற்றச் சுவரைப் பிடித்ததையும், நாற்காலி இருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி உட்காரப் போனதையும் அந்தக் கண் குறித்துக்கொண்டது.

"என்ன சாப்பிட்டேள்?" என்றார்.

"தைலம்" என்று சொன்னேன். நாக்கு தடித்துப் போய் அதுவும் பாதிதான் வந்தது.

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவா."

அத்திம்பேர் குறுக்கிட்டார். "ஸார், இவன் ஏகாதசின்னா பச்சைத் தண்ணிகூடத் தொடமாட்டான்."

"இன்னிக்கு ஏகாதசி இல்லையே" என்றார் அவர்.

இந்தச் சமயத்தில் பெண் சொஜ்ஜித் தட்டோடு வந்தாள். மரியாதைக்கு எழுந்து நிற்கப் பார்த்தேன். தரை என்னை நோக்கி எழுந்தது. அத்திம்பேர் பிடித்து ஊஞ்சலில் கிடத்தினார். சம்பந்தம் முடிந்தது என்று அக்கா அழத் தொடங்கினாள். பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டு வழியாகப் போய், அடுத்த வீட்டு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் கிறிஸ்தவர், மாலைப் பூசைக்குக் கிளம்பிய உடுப்போடு வந்தார்.

பெண்ணின் தாயார் உப்புத் தண்ணீர் கரைத்து எடுத்துவந்தார். "வேண்டாம்மா, வாந்தி எடுக்க வைக்காதீங்க. நுரையீரலுக்குள்ள போச்சுன்னா வம்பு" என்று டாக்டர் தடுத்தார். என் வாயருகே குனிந்து, முகத்தைச் சுளித்து நிமிர்ந்தார்.

"எவ்வளவு குடிச்சீங்க?"

உள்ளங்கையைக் குழித்துக் காட்டினேன்.

"சாராயம் இல்லைங்கறேளா?" என்றார் சிரஸ்தார்.

"சாராயமா இருந்தா இந்நேரம் உங்ககிட்ட சண்டைக்கு வந்திருப்பாருங்க. இது தைலம்தான். ஆவி பிடிக்கட்டும், வேண்டாங்கலை. உள்ள போச்சுன்னா விஷம். இதே அளவு ஒரு குழந்தை வயித்துல போயிருந்தா நான் வந்தே பிரயோஜனம் இல்லை. கைக்குழந்தைன்னா மூக்குக்கிட்டகூடக் கொண்டுபோகாதீங்க." பிறகு என்னைப் பார்த்தார். "படிச்சவருதானே நீங்க? குடிக்கறதுக்குத்தான் காப்பி வெச்சிருக்காங்களே!"

ஒருக்களித்துப் படுக்க வைத்தார். தூக்கம் சொக்கும், மூச்சு மட்டும் ஒழுங்காக வருகிறதா என்று யாராவது பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டும் என்றார். மூச்சு மந்தமானால் உடனே ஆஸ்பத்திரி. பெரியவர்கள் கூடத்தின் மறுபக்கம் ஜாதகம் பேசப் போனார்கள். கவனிக்கிற வேலை பெண்ணுக்கு வந்தது. நான் பார்க்கப் போனவள், பொழுது சாய்கிறவரை என் மூச்சைப் பார்த்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்க்கவேயில்லை. கண்ணைத் திறந்தால் எரிந்தது.

அடுத்த வாரம் சம்மதம் என்று தகவல் வந்தது. சிரஸ்தார் என் உண்மையை மெச்சினார் என்றும், முக்கியமாக அன்று முழுக்க நான் ஒரு தடவைகூடத் தும்மவில்லை என்றும் பல வருஷங்கள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எங்கள் பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது, அக்காவும் அத்திம்பேரும் இருக்கையில் அதையே மறுபடி எடுத்துவிட்டேன்.

என் மனைவி காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "உண்மையாவது, தும்மலாவது! அதுக்கு முன்னாடி வந்தவாளெல்லாம் சொஜ்ஜியைச் சாப்பிட்டுட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்னு எழுந்து போயிட்டா. நீங்க ஒருத்தர்தான் எழுந்து போக முடியாமக் கிடந்தேள்."